18 எபிசோடும் 81 எபிசோடும்

பில் ஹேவர்சக் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வருகிறான். ஒல்லி, உயரம், சோடாபுட்டிக் கண்ணாடி. வீட்டில் யாரும் இல்லை. அம்மா வேலைக்குப் போயிருக்கிறாள். அப்பா என்று ஒருவர் அந்த வீட்டில் கிடையாது. ரொட்டிக்கு நடுவில் சீஸ் வைத்து வாட்டி எடுக்கிறான். கூடவே ஒரு துண்டு கேக், ஒரு டம்ளர் பால். எல்லாவற்றையும் டிவி முன்னால் கொண்டுவந்து வைத்துக்கொண்டு உட்காருகிறான். டிவியில் கேரி ஷாண்ட்லிங் ஜோக் சொல்கிறார். பில் வாய் நிறைய ரொட்டியோடு சிரிக்கிறான், அடக்கமுடியாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறான். காட்சி முழுக்க வசனம் கிடையாது, பின்னணியில் ஒரு பாட்டு மட்டும். ஒரு பையனின் தனிமையை இவ்வளவு சந்தோஷமாகக் காட்டிய இன்னொரு டிவி காட்சியை நான் பார்த்ததில்லை.

'ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்' என்ற அமெரிக்கத் தொடரைப் பற்றிப் பேசும் யாரும் முதலில் சொல்வது இந்தக் காட்சியைத்தான். ஆனால் அது வரும் எபிசோடைக் காசு கொடுத்து வாங்கிய என்பிசி சேனல் அதை ஒருநாளும் ஒளிபரப்பவில்லை. தொடரை நிறுத்தி அரை வருஷம் கழித்து, 2000 அக்டோபரில், ஃபாக்ஸ் ஃபேமிலி என்ற கேபிள் சேனலில்தான் அது வந்தது. மொத்தம் எடுத்தது 18 எபிசோட். நிறுத்தும் வரை என்பிசி காட்டியது 12. ரசிகர்கள் விடாமல் கேட்டதால் ஜூலையில் ஒரே ராத்திரியில் 3. மிச்சம் 3 கேபிளுக்குப் போயின.

இன்னொரு தொடர் இருக்கிறது. பெயர் 'டில் டெத்'. ஃபாக்ஸ் சேனலில் 2006 முதல் 2010 வரை ஓடியது. கல்யாணமாகிப் பல வருஷம் ஆன ஒரு சிடுமூஞ்சிக் கணவன், அவன் மனைவி, பக்கத்து வீட்டில் குடிவரும் புதுமண ஜோடி என்று போகும் காமெடி. அதில் ஒரு காட்சியைக்கூட யாரும் நினைவு வைத்துக்கொண்டு பேசி நான் கேட்டதில்லை. 81 எபிசோட் ஓடியது.

18-ஐத் திருப்பிப் போட்டால் 81. இது தற்செயல்தான், அதற்குப் பொருள் எதுவும் தேட வேண்டாம். ஆனால் நல்லது ஏன் சீக்கிரம் போகிறது, சுமாரானது ஏன் கிடக்கிறது என்ற கேள்விக்கு இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த நல்ல வழி. 'மக்களுக்கு ரசனை இல்லை' என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம், சுலபம். கணக்கைப் பிரித்துப் பார்த்தால் ரசனை அதில் ஒரு சின்ன வரி மட்டுமே.

என்ன தொடர் இது

மிச்சிகன் மாநிலத்தில் சிப்பவா என்ற கற்பனை ஊர், 1980-81 கல்வியாண்டு, ஒரு சாதாரண அரசுப் பள்ளி. ஃப்ரீக்ஸ் என்றால் மாடிப்படிக்கு அடியில் கூடும் தறுதலைக் கூட்டம். கீக்ஸ் என்றால் விளையாட்டு டீமில் கடைசியாகக்கூடத் தேர்ந்தெடுக்கப்படாத நோஞ்சான் பையன்கள். அக்கா லிண்ட்சே கணக்கில் புலி. பாட்டி செத்த பிறகு எதிலும் பிடிப்பில்லாமல், அப்பாவின் பழைய ராணுவ ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு தறுதலைக் கூட்டத்தோடு சேர்கிறாள். தம்பி சாம் நோஞ்சான் கூட்டத்தில், பில்லும் அங்கேதான். அப்பா விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறார். அவர் புத்திமதியாகச் சொல்லும் கதைகளில் வருகிறவன் எப்படியும் கடைசியில் செத்துப்போயிருப்பான்.

எழுதி உருவாக்கியவர் பால் ஃபீக், மிச்சிகன்காரர். தயாரிப்புப் பக்கம் ஜட் அபடாவ். முதல் எபிசோடை இயக்கியவர் ஜேக் காஸ்டன். நடித்தவர்கள் லிண்டா கார்டலினி, ஜேம்ஸ் ஃப்ராங்கோ, செத் ரோகன், ஜேசன் சீகல், பிஸி ஃபிலிப்ஸ், மார்ட்டின் ஸ்டார். அப்போது இவர்களில் பெரும்பாலோரை யாருக்கும் தெரியாது. நடிகர் தேர்வுக்காக மட்டும் 2000-இல் ஒரு எம்மி விருது கிடைத்தது. அதற்குள் தொடருக்குக் காரியமே முடிந்திருந்தது.

முதல் எபிசோடிலிருந்து ஒரே ஒரு இடம் சொல்கிறேன், தொடரின் குணம் பிடிபட்டுவிடும். சாமுக்கு சிண்டி என்ற பெண் மேல் ஆசை. பள்ளி நடன விழாவில் மெதுவான பாட்டு ஒன்று வந்தால் அவளோடு கைகோத்து ஆடலாம் என்று காத்திருக்கிறான். பாட்டு மெதுவாகத் தொடங்குகிறது. தைரியத்தைச் சேர்த்துக்கொண்டு போய்க் கூப்பிடுகிறான், அவளும் சரி என்கிறாள். இருவரும் தளத்துக்கு வந்து நிற்கிற அந்த நொடியில் பாட்டு வேகமெடுத்துவிடுகிறது. பையனுக்கு ஆடத் தெரியாது. ஒரு கணம் முழித்துவிட்டு, கையைக் காலை உதறிக்கொண்டு ஆட ஆரம்பிக்கிறான். அவ்வளவுதான் அவனுக்குக் கிடைக்கும் வெற்றி. இந்த 'வெற்றி' என்ற சொல்லைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

6 மாதத்தில் 12

1999 செப்டம்பர் 25, சனிக்கிழமை இரவு 8 மணி. தொடங்கிய நாளே இதுதான்.

அமெரிக்காவில் சனிக்கிழமை ராத்திரி என்பது ஆட்கள் வீட்டில் இல்லாத ராத்திரி. பள்ளி, கல்லூரி வயசுப் பிள்ளைகள் அறவே இருக்க மாட்டார்கள். பதின்வயதுப் பிள்ளைகளைப் பற்றிய தொடரை அவர்கள் ஊர்சுற்றப் போயிருக்கும் நேரத்தில் வைத்தார்கள். அதற்கு அடுத்து 9 மணிக்கு 'தி ப்ரெடெண்டர்', 10 மணிக்கு 'ப்ரொஃபைலர்'. இரண்டும் துப்பறியும், திகில் வகை. 9 மணித் தொடருக்காக டிவியைப் போட்டுவிட்டு முன்கூட்டியே உட்கார்ந்திருப்பவர், அதற்கு முந்தைய ஸ்லாட்டில் எதைப் பார்க்க விரும்புவார்? நடன விழாவில் முழிக்கும் பையனை நிச்சயமாக இல்லை.

அதன் பிறகு நடந்ததைத் தேதிவாரியாகப் போட்டுப் பார்த்தால்தான் தலை சுற்றும். செப்டம்பர் 25, அக்டோபர் 2 என்று இரண்டு வாரம் காட்டினார்கள். பேஸ்பால் போட்டிகள் வந்தன, 4 வாரம் இடைவெளி. அக்டோபர் 30-இலிருந்து மூன்று வாரம் காட்டினார்கள். பிறகு கிட்டத்தட்ட இரண்டு மாதம் ஆளையே காணோம். 2000 ஜனவரி 10-இல் திங்கட்கிழமைக்கு மாற்றி ஐந்து வாரம். மறுபடி ஒரு மாதத்துக்கு மேல் காணோம். மார்ச் 13, 20 என்று இரண்டு வாரம். பிறகு நிறுத்திவிட்டோம் என்று அறிவிப்பு.

ஆறு மாதத்தில் 12 எபிசோட், இரண்டு கிழமைகள், மூன்று காணாமல்போதல். வாராவாரம் பார்த்துப் பழக்கமாவதுதான் டிவி. டீக்கடை இரண்டு வாரம் திறந்து நாலு வாரம் மூடிக் கிடந்தால் கூட்டம் பக்கத்துக் கடைக்குப் போகும். டீ மோசம் என்று அதற்குப் பொருள் ஆகாது.

தொடருக்கென்று அந்தக் காலத்திலேயே ஒரு இணையதளம் வைத்திருந்தார்கள். அதன் முகவரியை டிவி விளம்பரத்தில் போடச் சேனல் மறுத்துவிட்டதாம். பார்வையாளர்கள் இண்டர்நெட் பக்கம் போய்விடுவார்களோ என்ற பயம் என்று அபடாவ் பின்னாளில் சொன்னார். 1999-இல் அது சிரிப்பாக இருந்திருக்கும். பயம் சரியானதுதான் என்று இன்றைக்குத் தெரிகிறது.

திங்கட்கிழமை 8 மணி

ஜனவரியில் திங்கட்கிழமைக்கு மாற்றியபோது எதிரே நின்றது 'ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்'.

இது நமக்கு அறிமுகம் தேவைப்படாத நிகழ்ச்சி. பிரிட்டனில் பிறந்து, 1999 ஆகஸ்டில் ஏபிசி சேனலுக்கு வந்தது. அடுத்த வருஷம் ஜூலையில் அமிதாப் பச்சனோடு ஸ்டார் பிளஸில் இறங்கி இந்தித் தொலைக்காட்சியின் வரிசையையே மாற்றியது. தமிழில் சன் டிவியில் சரத்குமார் நடத்திய 'கோடீஸ்வரன்' அதே அலையில் வந்ததுதான். எங்கள் வீட்டில் அந்த நேரத்துக்குச் சாப்பாட்டுத் தட்டோடு எல்லாரும் கூடத்துக்கு வந்துவிடுவோம். பதில் தெரிந்த கேள்விக்கு அப்பா டிவியைப் பார்த்துச் சத்தம் போடுவார், தெரியாத கேள்விக்குத் தண்ணீர் குடிப்பார். அந்த நேரத்தில் வேறு சேனலில் எவ்வளவு நல்ல நாடகம் ஓடியிருந்தாலும் எங்களுக்குத் தெரிந்திருக்காது. அதனால் அமெரிக்கப் பார்வையாளரை என்னால் குறை சொல்ல முடியவில்லை.

1999 நவம்பரில் அங்கே முதல் ஆள் பத்து லட்சம் டாலர் ஜெயித்தார். கடைசிக் கேள்விக்கு நண்பரைக் கூப்பிடும் உதவியை எடுத்து, அப்பாவுக்கு ஃபோன் போட்டார். பதில் எனக்கே தெரியும், ஜெயிக்கப் போகிறேன் என்று சொல்லத்தான் கூப்பிட்டேன் என்றார். நாடே மறுநாள் இதைத்தான் பேசியது. இதற்கு எதிரில் கொண்டுபோய் நிறுத்தினார்கள் சாமையும் பில்லையும்.

அப்படியும் சீசன் சராசரி 67 லட்சம் பேருக்கு மேல். இன்று ஒரு அமெரிக்கச் சேனலுக்கு இந்த எண்ணிக்கை கிடைத்தால் கேக் வெட்டுவார்கள். அன்று அது தோல்வி.

இந்த எண்ணிக்கை எப்படி வருகிறது என்பதையும் பார்த்துவிடலாம். நீல்சன் நிறுவனம் அப்போது நாடு முழுக்கச் சுமார் 5,000 வீடுகளில் மீட்டர் வைத்திருந்தது. டிவி உள்ள வீடுகள் சுமார் 10 கோடி. அதாவது மீட்டர் உள்ள ஒரு வீடு 20,000 வீட்டுக்குப் பிரதிநிதி. பெரிய ஹிட்டுக்கு இந்தக் கணக்கு போதும். குறைவான பேர் உயிராக நினைக்கும் தொடருக்கு இது துரோகம். உயிராக நினைத்துப் பார்ப்பதற்கும், ரிமோட்டைத் தேட அலுத்துப் பார்ப்பதற்கும் மீட்டரில் ஒரே புள்ளிதான். டிஆர்பி என்று நம் ஊரில் சொல்லும் சங்கதியும் இதே சாதிதான்.

எரிச்சல் தராதது

அதே என்பிசியில் 1960-களில் பார்வையாளர் ஆய்வுப் பிரிவைக் கவனித்த பால் க்ளைன் ஒரு விஷயம் சொன்னார். மக்கள் நிகழ்ச்சியைப் பார்ப்பதில்லை, டிவியைப் பார்க்கிறார்கள். போட்டுவிட்டு, சேனல் சேனலாகத் திருப்பி, யாருக்கும் எரிச்சல் தராத ஒன்றில் நிறுத்திக்கொள்வார்கள். ஆகவே ஜெயிக்க நல்ல நிகழ்ச்சி தேவையில்லை. வீட்டில் யாரும் "மாத்து, மாத்து" என்று சொல்லாத நிகழ்ச்சி போதும்.

சுமாரான தொடர்கள் ஏன் நீண்டு ஓடுகின்றன என்பதற்கு இதைவிட நேர்மையான பதிலை நான் கேட்டதில்லை. சுமார் என்பது ஒரு குறை மாதிரி நமக்குத் தெரிகிறது. அந்தத் தொழிலில் அது ஒரு வேலைத்திறன். மாமியாருக்கும் முகம் சுளிக்காது, பையனுக்கும் கூச்சம் வராது, நடுவில் எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தாலும் கதை புரியும். அந்த மாதிரி எழுதுவது ஒன்றும் லேசான காரியம் கிடையாது, சொல்லிவிடுகிறேன்.

'ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்' எபிசோடுக்கு இரண்டு இடத்தில் ரிமோட்டைத் தேட வைக்கும். கெட்டதால் இல்லை. உடை மாற்றும் அறையில் நோஞ்சான் பையன் கூனிக் குறுகுவதை நம்மால் பார்க்க முடியாது. தறுதலைக் கூட்டத்துப் பெண் கிம் கெல்லியின் வீட்டுக்கு லிண்ட்சே சாப்பிடப் போய், அங்கே அம்மாவும் மகளும் கத்திக்கொள்வதைப் பார்க்கும்போது, பக்கத்து வீட்டுச் சண்டையை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்ட கூச்சம் நமக்கே வரும். அந்த எபிசோடையும் என்பிசி காட்டவில்லை. இதுவும் கேபிளுக்குப் போன மூன்றில் ஒன்று. காமெடி என்று வகைப்படுத்திய தொடருக்கு அது ரொம்பக் கனமாகப் பட்டதாம்.

இங்கேதான் அந்த 'வெற்றி' வருகிறது. பையன்களுக்கு இன்னும் கொஞ்சம் வெற்றி கொடுங்கள் என்று சேனல் கேட்டுக்கொண்டே இருந்ததாக ஃபீக்கும் அபடாவும் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். நான் சேனல்காரன் பக்கமும் கொஞ்சம் யோசித்துப் பார்த்தேன். அவர் கேட்டது முட்டாள்தனமான கேள்வி இல்லை. வாரம் முழுக்க உழைத்துவிட்டு வந்து உட்காருகிறவன், பாட்டு வேகமெடுத்துவிட்டதே என்று தவிக்கும் பையனைப் பார்க்கவா விரும்புவான்? ஆனால் சாமுக்கு மெதுவான பாட்டு முழுசாகக் கிடைத்திருந்தால் அது வேறு தொடர். அப்படி நூறு தொடர்கள் வந்து போயின, பெயர்கூட ஞாபகம் இல்லை.

காத்திருக்க யாருக்கு அவசியம்?

ரசனை, நேரம், போட்டி எல்லாம் சொன்னேன். இவை எல்லாம் இருந்தும் பிழைத்த தொடர்கள் உண்டு. அதே என்பிசியில் 1982-இல் தொடங்கிய 'சியர்ஸ்' முதல் வருஷம் ரேட்டிங் பட்டியலின் அடிமட்டத்தில் கிடந்தது. நிறுத்தவில்லை. 11 வருஷம் ஓடியது, நாட்டின் முதலிடத்தையும் பிடித்தது.

ஏன் நிறுத்தவில்லை? அப்போது என்பிசியே மூன்றாவது இடத்தில் கிடந்தது. எடுத்துவிட்டுப் போட வேறு சரக்கு கையில் இல்லை. அப்போது சேனலை நடத்திய கிராண்ட் டிங்கரும் பிராண்டன் டார்டிகாஃபும் நல்ல ரசனைக்காரர்கள் என்பது உண்மைதான். ஆனால் ரசனைக்குத் துணையாக வறுமையும் இருந்தது. 1999-இல் அதே சேனல் பணக்காரச் சேனல். அதன் பெரிய ஹிட்டான 'சைன்ஃபெல்ட்' முந்தைய வருஷம் முடிந்திருந்தது, முதலிடம் கைநழுவுகிற பயம், வாரத்துக்கு வாரம் கணக்குக் கேட்கும் விளம்பரக்காரர்கள். பணக்கார வீட்டில்தான் ஒரு செடி பத்து நாளில் பூக்கவில்லை என்றால் பிடுங்கிப் போடுவார்கள்.

அடுத்தது, யாருடைய சொத்து என்ற கேள்வி. அமெரிக்காவில் ஒரு தொடரைத் தயாரிப்பது ஸ்டுடியோ, காட்டுவது சேனல். சேனல் ஒளிபரப்பு உரிமைக்கு ஒரு தொகை கொடுக்கும். அந்தத் தொகை தயாரிப்புச் செலவுக்குப் பத்தாது, துண்டு விழும். துண்டை ஸ்டுடியோ ஏற்றுக்கொள்ளும். எந்த நம்பிக்கையில்? ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால் பழைய எபிசோடுகளை ஊர் ஊராக உள்ளூர் சேனல்களுக்கும் கேபிளுக்கும் மறு ஒளிபரப்புக்கு விற்கலாம். அங்கேதான் உண்மையான காசு. திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் ஒன்று என்று ஓட்டுவதற்கு 100 எபிசோட் இருந்தால் 20 வாரத்துக்கு வரும். 88 இருந்தாலும் ஓட்டிவிடலாம், அது வருஷத்துக்கு 22 வீதம் 4 வருஷம். அதற்குக் கீழே போனால் வாங்க ஆள் குறைவு.

மறு ஒளிபரப்பு வருமானத்தில் சேனல்கள் பங்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்று 1970-இல் அமெரிக்க அரசின் தொலைத்தொடர்பு ஆணையம் ஒரு விதி போட்டிருந்தது. 1990-களின் நடுவில் அதை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு சேனல்களுக்கு ஒரு புதுக் கண் திறந்தது: நம் ஸ்டுடியோவில் எடுத்த தொடரை நாமே ஓட்டினால் பின்னால் வரும் காசும் நமக்கே. அடுத்தவன் ஸ்டுடியோ தொடருக்கு நாம் ஏன் பொறுமை காட்ட வேண்டும்?

'ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்' எடுத்தது ட்ரீம்வொர்க்ஸ். ஸ்பீல்பெர்க், காட்சன்பெர்க், கெஃபன் மூவரும் 1994-இல் தொடங்கிய கம்பெனி. தொடர் 100-ஐத் தொட்டிருந்தால் லாபம் ட்ரீம்வொர்க்ஸுக்கு. அதுவரை நாலு வருஷம் ரேட்டிங் அடி வாங்குவது என்பிசி. என்பிசிக்கு என்ன அவசியம்?

மறுபக்கம், ஏபிசியில் 2001 முதல் 2009 வரை 182 எபிசோட் ஓடிய 'அக்கார்டிங் டு ஜிம்' என்ற குடும்பக் காமெடியைப் பாருங்கள். விமர்சகர்கள் ஆரம்பத்திலிருந்தே உதைத்தார்கள். ஏபிசியின் முதலாளியும் டிஸ்னி, தொடரை எடுத்த ஸ்டுடியோவின் முதலாளியும் டிஸ்னி. வலது பாக்கெட்டிலிருந்து எடுத்து இடது பாக்கெட்டில் வைக்கிற விவகாரம்.

இப்போது 'டில் டெத்'. இதில்தான் வேடிக்கை முழுசாகத் தெரியும். எடுத்தது சோனி, காட்டியது ஃபாக்ஸ். வெளிக் கம்பெனிதான், ட்ரீம்வொர்க்ஸ் நிலைமைதான். ரேட்டிங் விழுந்துகொண்டே வந்தது. 2008-இல், மூன்றாவது சீசன் நடுவிலேயே ஃபாக்ஸ் அதை எடுத்துவிட்டது. சோனிக்கு அரைக்கிணறு தாண்டின கதை: துண்டு விழுந்த பணமெல்லாம் உள்ளே கிடக்கிறது, மறு ஒளிபரப்புக்கு விற்கும் எண்ணிக்கை இன்னும் வரவில்லை. அதனால் சோனி ஃபாக்ஸிடம் போய், உரிமைத் தொகையைப் பெரிய அளவில் குறைத்துக்கொள்கிறோம், இன்னொரு சீசன் ஓட்டுங்கள் என்றது. ஃபாக்ஸுக்கு மலிவு விலையில் நேரத்தை நிரப்பச் சரக்கு. சரி என்றார்கள். அதுவரை காட்டாமல் கிடந்ததையும் புதிதாக எடுத்ததையும் சேர்த்துக் கொட்டி 81-க்குக் கொண்டுவந்தார்கள்.

யாரும் பார்க்கவில்லை என்பது எழுதியவர்களுக்கே தெரிந்திருந்தது போலும். கடைசி சீசனில் டக் என்ற மருமகன் பாத்திரத்துக்குத் திடீரென்று ஒரு ஞானோதயம் வருகிறது: நாமெல்லாம் ஒரு டிவி காமெடிக்குள் இருக்கிறோம்! மனைவியின் முகம் அடிக்கடி மாறுவதை அவன் கவனித்துவிடுகிறான். உண்மையிலேயே மகள் வேடத்துக்கு அடுத்தடுத்து நான்கு நடிகைகள் மாறியிருந்தார்கள். யாரும் கண்டுகொள்ளாத இடத்தில் கிடைக்கும் சுதந்திரம் அது. மேற்பார்வையாளர் வராத ஆபீசில் நடக்கும் கூத்து மாதிரி. அந்தத் தொடரில் பிடித்தது எது என்று என்னைக் கேட்டால் இந்த டக்கைத்தான் சொல்வேன். அதுவும் மலிவு விலைக்குத் தள்ளிவிட்ட பிறகு முளைத்தது.

எனக்குப் படுவது இதுதான். ஒரு தொடர் உயிரோடு இருப்பதற்கு, முடிவெடுக்கும் இடத்தில் உள்ள யாரோ ஒருவருக்குக் காத்திருக்க ஒரு காரணம் வேண்டும். சியர்ஸுக்கு வறுமை, ஜிம்முக்கு டிஸ்னி, டில் டெத்துக்குச் சோனியின் முடங்கிய பணம். சாமுக்கும் பில்லுக்கும் நேசம் நிறைய இருந்தது. பில்லின் பெயரிலேயே 'ஆபரேஷன் ஹேவர்சக்' என்று ரசிகர்கள் ஒரு இயக்கம் நடத்தினார்கள். காத்திருந்தால் காசு வரும் என்ற நிலையில் என்பிசிக்குள் ஒருவரும் இல்லை.

தொடர் மீது தப்பே இல்லையா?

உண்டு. இதைச் சொல்லாமல் போனால் ரசிகன் எழுதின ஒப்பாரியாகிவிடும்.

நிறுத்தப்பட்ட தொடர்களில் மிகப் பெரும்பாலானவை நிறுத்தப்பட வேண்டியவைதான். ஒவ்வொரு வருஷமும் வரும் புதுத் தொடர்களில் பெரும்பகுதி முதல் வருஷத்தைத் தாண்டாது. அவற்றுக்காக யாரும் அழுவதில்லை, அதனால் நம் கணக்கில் வருவதுமில்லை. நாம் எண்ணுவது அழுத கேஸ்களை மட்டும். நீளமாக ஓடியதெல்லாம் சுமார் என்பதும் சரியில்லை. என்பிசியில் இந்தத் தொடருக்கு ஐந்து நாள் முன்னால், 1999 செப்டம்பர் 20-இல் தொடங்கியது 'லா அண்ட் ஆர்டர்: ஸ்பெஷல் விக்டிம்ஸ் யூனிட்'. 25 வருஷத்தைத் தாண்டி 500 எபிசோடுக்கு மேல் போய்விட்டது. அது மோசமான தொடர் கிடையாது. ஒரு எபிசோடில் ஒரு குற்றம், ஒரு தீர்வு. எந்த வருஷத்து எபிசோடை எந்த மத்தியானத்தில் போட்டாலும் உட்கார்ந்து பார்க்கலாம். வெளி ஸ்டுடியோ தயாரிப்பாகத் தொடங்கியதுதான். 2004-இல் என்பிசியும் யுனிவர்சலும் ஒன்றானபோது தொடரும் சேனலும் ஒரே வீட்டுக்கு வந்துவிட்டன.

'ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்' அந்த மாதிரி உடைந்து உடைந்து நிற்காது. இது என்ன தொடர் என்று ஒரு வரியில் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிப் பாருங்கள், முடியாது. ஒரு மணி நேரம் ஓடும் காமெடி, சிரிப்பொலி கிடையாது, பாதி நேரம் வயிற்றைப் பிசைகிறது. 18 எபிசோடோடு நின்றதால் அதற்குக் கெட்டுப்போக நேரமும் கிடைக்கவில்லை. ஆறாவது சீசனில் சாமுக்கு மீசை முளைத்து, எழுத்தாளர்கள் கதை வற்றி, யாருக்காவது விபத்து வைத்திருப்பார்களோ என்னவோ. அந்த வாய்ப்பை நாம் பார்க்கவில்லை.

இதை அடித்த மில்லியனர் என்ன ஆனது? ஏபிசி அதை வாரத்துக்கு மூன்று நாள், நாலு நாள் என்று போட்டுப் பிழிந்தது. 2002 ஜூனில் இரவு நேர ஓட்டம் முடிந்தது. மூன்று வருஷம்கூட நிறையவில்லை. முட்டையிடும் வாத்தை அறுத்த கதை அங்கே வேறு மாதிரி நடந்தது.

கடைசி எபிசோட்

எந்த வாரம் வேண்டுமானாலும் கழுத்தில் கத்தி விழும் என்று அபடாவுக்குத் தெரிந்திருந்தது. அதனால் கடைசி எபிசோடை வரிசையில் அதன் முறை வரும் முன்பே எடுத்துவிடச் சொன்னார். ஃபீக்கே எழுதி இயக்கினார். அதற்குப் பிறகு மற்ற எபிசோடுகளின் படப்பிடிப்பு நடந்தது. தன் முடிவை முதலிலேயே எடுத்துப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு மிச்ச நாளை வாழ்ந்த தொடர் இது.

நிறுத்திய பிறகும் சீக்கிரம் மீளவில்லை. தொடர் முழுக்க அந்தக் காலத்து அசல் ராக் பாட்டுகள். ஒவ்வொன்றுக்கும் உரிமைக்காசு. பாட்டை மாற்றிவிட்டு டிவிடி போடலாம் என்றால் நடன விழாக் காட்சி என்ன ஆகும்? மெதுவாகத் தொடங்கி வேகமெடுக்கும் அந்தப் பாட்டு இல்லாமல் அந்தக் காட்சியே இல்லை. எல்லாப் பாட்டோடும் டிவிடி வர 2004 ஆனது. கொண்டுவந்தது ஷவுட் ஃபேக்டரி என்ற சின்ன நிறுவனம்.

அந்தக் கடைசி எபிசோடில் தறுதலைக் கூட்டத்தின் அழகன் டேனியல், தண்டனையாக நோஞ்சான் பசங்களோடு மாட்டுகிறான். ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாக மாறி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட அவர்கள் கூப்பிடுகிறார்கள். வேண்டாவெறுப்பாக உட்காருகிறான். அவனுக்குக் கிடைத்த பாத்திரத்தின் பெயர் கார்லோஸ் என்ற குள்ளன். விளையாட்டில் ஜெயித்ததும் முகமெல்லாம் சிரிப்பாக, நாளைக்கும் விளையாடலாமா என்று கேட்கிறான். பசங்களுக்கு ஒரு குழப்பம்: இப்போது அவன் நம்மை மாதிரி ஆகிவிட்டானா, நாம் அவனை மாதிரி ஆகிவிட்டோமா? லிண்ட்சே கல்விக் கருத்தரங்குக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, நடுவழியில் பஸ்ஸை விட்டு இறங்கி, ராணுவ ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கிம்மோடு ஒரு வேனில் ஏறுகிறாள்.

2000 ஜூலை 8, சனிக்கிழமை ராத்திரி, என்பிசி இதை ஒளிபரப்பியது. கதை முடிந்துவிட்டது. பில் ரொட்டி வாட்டிச் சாப்பிடுவது அக்டோபரில்தான் வந்தது.